ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு ஒன்று

கள்ளக்குறிச்சிப் பக்கம் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு ‘ஊறல்’ என்ற சொல் நன்றாகப் பழக்கம். கல்வராயன் மலையில் ஓடையோரப் புதரில் மறைத்து வைத்திருந்த பேரல்களைப் போலீசார் கண்டுபிடித்தார்கள், இத்தனை லிட்டர் சாராய ஊறலைக் கொட்டி அழித்தார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். கூடவே ஒரு படமும் இருக்கும். சாய்த்த பேரலிலிருந்து பழுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாறைமேல் வழிந்து ஓடும். வெல்லம், கடுக்காய், மரப்பட்டை என்று உள்ளே போட்டவை பலவாக இருக்கலாம். நுரைக்குக் காரணம் வெல்லமும் அதைத் தின்னும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரும்தான்.

அந்த நுரையின் ஒவ்வொரு குமிழியிலும் இருப்பது கார்பன் டைஆக்சைடு. வெல்லத்தில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் உடைக்கும்போது ஒரு பக்கம் எத்தனால் உண்டாகிறது, இன்னொரு பக்கம் இந்த வாயு கிளம்புகிறது. ஒரு சர்க்கரை மூலக்கூறு உடைந்தால் எத்தனை கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகள் வெளியே வரும்? நான்கு. மூன்றே முக்கால் வராது, நாலேகாலும் வராது. மலையடிவாரத்துக் கரும்பானாலும் சரி, பிரேசில் நாட்டுக் கரும்பானாலும் சரி, ஒன்றுக்கு நான்கு. இந்த விகிதத்தைத்தான் வேதியியலில் மோல் விகிதம் என்கிறோம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பலரைப் பயமுறுத்துகிற பாடம் இது. ஆனால் இதற்குள் இருப்பது எண்ணிப் பார்க்கும் வேலை மட்டும்தான்.

வேதியியலில் ‘சமன்பாடு’ என்ற எண்ணமே நொதித்தலைப் பார்த்துப் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர் 1789-ல் வெளியிட்ட வேதியியல் நூலில் மது நொதித்தலுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. போட்ட சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தார். வெளியே வந்த வாயு, எஞ்சிய திரவம் எல்லாவற்றையும் நிறுத்தார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லி, ஒரு பக்கம் திராட்சைச் சாறு, மறுபக்கம் கார்பன் டைஆக்சைடும் ஆல்கஹாலும் என்று நடுவில் சமக்குறி போட்டு எழுதினார். மூன்றாண்டு கழித்து, 1792-ல், ரிக்டர் என்ற ஜெர்மானியர் பொருள்கள் ஒன்றோடொன்று எந்த அளவில் சேர்கின்றன என்ற கணக்குக்கு ‘ஸ்டாய்க்கியோமெட்ரி’ என்று பெயரிட்டார். இவர்கள் இருவருக்கும் மூலக்கூறு வாய்பாடு தெரியாது. எடையை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் வந்தார்கள்.

நமக்கு வாய்பாடு தெரியும். வெல்லத்திலும் சீனியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ். அதன் ஒரு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள். ஈஸ்ட் அதை உடைக்க முதலில் ஒரு நீர் மூலக்கூறு தேவை. அதில் 2 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஆக, இடப்பக்கம் மொத்தம் 12 கார்பன், 24 ஹைட்ரஜன், 12 ஆக்சிஜன். வலப்பக்கம் இரண்டு பொருள்கள். எத்தனாலில் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். கார்பன் டைஆக்சைடில் 1 கார்பன், 2 ஆக்சிஜன்.

எங்கே தொடங்குவது? ஹைட்ரஜனைப் பிடியுங்கள். வலப்பக்கம் அது எத்தனாலில் மட்டுமே இருக்கிறது, அதனால் ஒளிந்துகொள்ள அதற்கு வேறு இடம் கிடையாது. 24 ஹைட்ரஜன் இருக்கிறது, எத்தனால் ஒன்றுக்கு 6 வேண்டும், எனவே எத்தனால் 4. அந்த நான்கும் 8 கார்பனை எடுத்துக்கொண்டுவிட்டன. மீதி 4 கார்பன், எனவே கார்பன் டைஆக்சைடு 4. ஆக்சிஜனை வைத்துச் சரிபார்க்கலாம். எத்தனாலில் 4, கார்பன் டைஆக்சைடில் 8, மொத்தம் 12. கணக்கு நேராகிவிட்டது.

ஒரு சுக்ரோஸ் + ஒரு நீர் → நான்கு எத்தனால் + நான்கு கார்பன் டைஆக்சைடு

சமன்பாடு சமன்பட்டுவிட்டால் மோல் விகிதத்துக்குத் தனியாக எந்த வேலையும் செய்ய வேண்டாம். பொருள்களுக்கு முன்னால் நிற்கும் எண்களே விகிதம். சுக்ரோசுக்கு எத்தனால் ஒன்றுக்கு நான்கு. எத்தனாலுக்குக் கார்பன் டைஆக்சைடு நான்குக்கு நான்கு, அதாவது ஒன்றுக்கு ஒன்று. எந்த இரண்டு பொருளை எடுத்தாலும் அவற்றின் முன் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்றுக்கு நான்கு என்றால், ஒரு கிராம் சர்க்கரை போட்டால் நாலு கிராம் எத்தனால் வரும் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கணம் நின்று யோசித்தால், போட்டதைப்போல நான்கு மடங்கு எப்படி வெளியே வரும் என்று தோன்றும். விகிதம் சொல்வது எண்ணிக்கையை. எடை வேறு.

வெற்றிலைக் கடையில் கவுளி என்று ஓர் அளவு உண்டு. கவுளி என்றால் இத்தனை வெற்றிலை என்ற எண்ணிக்கை. இலை கொழுந்தாக இருக்கலாம், முற்றலாக இருக்கலாம், கவுளியின் எடை அதற்கேற்ப மாறும், எண்ணிக்கை மாறாது. வேதியியலின் கவுளிதான் மோல். இந்தக் கவுளி மட்டும் மிகப் பெரியது. 602 என்று எழுதி அதற்குப் பின்னால் 21 சுழியம் போட்டால் ஏறக்குறைய வரும் எண் அது. 2019 மே 20 முதல் இந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை உலகம் முழுவதற்கும் நிலையாக நிர்ணயித்துவிட்டார்கள். மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண எவராலும் முடியாது, ஆனால் நிறுக்க முடியும். ஒரு மோல் சுக்ரோஸ் 342 கிராம். ஒரு மோல் நீர் 18 கிராம். ஒரு மோல் எத்தனால் 46 கிராம். ஒரு மோல் கார்பன் டைஆக்சைடு 44 கிராம். எடையிலிருந்து எண்ணிக்கைக்கும், எண்ணிக்கையிலிருந்து எடைக்கும் போய்வர இந்த எண்கள் போதும்.

இப்போது எடைக்கணக்கைப் பாருங்கள். இடப்பக்கம் 342, 18, மொத்தம் 360. வலப்பக்கம் நாலு 46 என்றால் 184, நாலு 44 என்றால் 176, மொத்தம் 360. லவாய்சியர் தராசில் தேடியது இந்தச் சமத்தைத்தான். ஆனால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் எட்டு. மூலக்கூறுகள் உடைந்து பெருகியிருக்கின்றன. அணுக்களில் ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, பலூன் ஒன்று, கடையில் கிடைக்கும் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. வெல்லத்தில் ஈரமும் வேறு பொருள்களும் கலந்திருக்கும், கணக்கு குழம்பும், அதனால் வெள்ளைச் சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைத் தராசு போல நுணுக்கமான ஒன்று கிடைத்தால் 3.42 கிராம் நிறுங்கள். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். மோல் கணக்கில் இது நூறில் ஒரு பங்கு மோல். 150 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் சீனியையும் ஈஸ்டையும் கலந்து, பாட்டில் வாயில் பலூனை மாட்டி, ஓர் இரவும் ஒரு பகலும் விட்டுவிடுங்கள். பாட்டிலை மூடியால் இறுக்கி மட்டும் விடக் கூடாது. வாயு போக வழியில்லாமல் வெடிக்கக்கூடும்.

எவ்வளவு வாயு வர வேண்டும்? நூறில் ஒரு பங்கு மோல் சுக்ரோசுக்கு நூறில் நான்கு பங்கு மோல் கார்பன் டைஆக்சைடு. நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் எந்த வாயுவானாலும் ஒரு மோல் ஏறக்குறைய 25 லிட்டர் இடம் பிடிக்கும். அதில் நூறில் நான்கு பங்கு, ஒரு லிட்டர். ஒரு லிட்டர் வாயுவை அடைத்த பலூன் உருண்டையாக இருந்தால், வயிற்றைச் சுற்றி நூல் கட்டி அளக்கும்போது 39 செ.மீ. வரும். உங்கள் நூல் 36-ல் நின்றுவிடலாம். அது 800 மி.லி. மீதி எங்கே போயிற்று? 150 மி.லி. தண்ணீரிலேயே 100 மி.லி. அளவுக்கு வாயு கரைந்திருக்கும். கொஞ்சம் சர்க்கரையை ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்க எடுத்துக்கொண்டிருக்கும். லூயி பாஸ்டர் 1860-ல் இதைத்தான் நிறுவினார். சர்க்கரையில் ஒரு சிறு பகுதி எத்தனாலாக மாறாமல் கிளிசராலாகவும் சக்சினிக் அமிலமாகவும் ஈஸ்டின் உடலாகவும் போகிறது என்று அளந்து காட்டினார். சமன்பாடு சொல்வது உச்சவரம்பு. கண்ணுக்கே தெரியாத மூலக்கூறுகளைத் தாளில் எண்ணிவிட்டு, அந்த எண் ஒரு நூல்கண்டில் மூன்று செ.மீ. வித்தியாசத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

இதே கணக்கை ஒரு கிலோ சர்க்கரைக்குப் பெருக்கினால் அதிகபட்சம் 538 கிராம் எத்தனால், 515 கிராம் கார்பன் டைஆக்சைடு. கூட்டினால் ஒரு கிலோவைத் தாண்டும். சேர்ந்துகொண்ட தண்ணீரின் எடை அது. அந்த 515 கிராம் வாயு ஏறக்குறைய 290 லிட்டர், அதாவது 200 லிட்டர் பேரல் ஒன்றரை அளவுக்கு. இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். நொதிக்கும் தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்கியவர்கள் மூச்சு முட்டிச் சாவது இதனால்தான்.

ஒன்றுக்கு ஒன்று என்று விகிதம் வரும்போதும் எடைக் குழப்பம் விடாது. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், வடக்கே மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. நம் நாட்டுச் சர்க்கரை ஆலைகள் பெரும்பாலும் கரும்புச் சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் விடும். ஒரு கால்சியம் ஹைட்ராக்சைடும் ஒரு சல்பர் டைஆக்சைடும் சேர்ந்து கால்சியம் சல்பைட்டாகப் படிகிறது, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்குகிறது. விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் கிலோவுக்குக் கிலோ போட்டால் தவறு. 74 கிலோ சுண்ணாம்புக்கு 64 கிலோ புகை என்பதே சரியான பொருத்தம்.

இப்போது ஊறலின் சமன்பாட்டுக்குத் திரும்பி வலப்பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். எத்தனால் இருக்கிறது, கார்பன் டைஆக்சைடு இருக்கிறது. கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமாகும் மெத்தனால் என்ற நஞ்சு இல்லை. ‘காய்ச்சும்போது பக்குவம் தப்பி விஷமாகிவிட்டது’ என்று மக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 12 கார்பனும் எட்டும் நான்குமாகப் பங்கு பிரிந்து தீர்ந்த பிறகு மெத்தனாலுக்கு என்று ஒதுக்க ஓர் அணுவும் மிச்சமில்லை. பழங்களில் உள்ள பெக்டின் சிதையும்போது சிறிதளவு மெத்தனால் வரும், உண்மைதான். ஆனால் ஊரையே சுடுகாடாக்கும் அளவுக்கு வெல்லத்திலிருந்து வராது. கள்ளச்சாராயம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. எத்தனாலும் உடலைக் கெடுப்பதுதான். நான் சொல்ல வருவது, அவ்வளவு மெத்தனால் ஒரு சாராயப் பாக்கெட்டுக்குள் இருந்தால் அதை யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள் என்பது. சமன்பாடே அதற்குச் சாட்சி.

மெத்தனால் பிறக்கும் இடம் தொழிற்சாலை. ஒரு கார்பன் மோனாக்சைடுடன் இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு மெத்தனால். எடையில் 28 கிராமும் 4 கிராமும் சேர்ந்து 32 கிராம். பெயின்ட், பிசின், கரைப்பான் என்று பல தொழில்களுக்கு அது வேண்டும். பார்வைக்கும் வாசத்துக்கும் எத்தனாலைப் போலவே இருக்கும்.

2024 ஜூன் 18. கள்ளக்குறிச்சி நகரில் கூலித் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழும் கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்ற சாராயத்தைப் பலர் வாங்கிக் குடித்தார்கள். மறுநாள் வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண் மங்கல் என்று மருத்துவமனைக்கு வரிசையாக வந்தார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி, சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. மலையில் பிறந்து வயலுக்குத் தண்ணீர் தருகிற ஆறு அது. அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இதே நஞ்சு இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

மெத்தனால் மூலக்கூறு நேராகக் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. மாமரத்து முசுறு கடித்த இடத்தில் பீய்ச்சுகிற அதே அமிலம். லத்தீன் மொழியில் எறும்புக்கு உள்ள பெயரிலிருந்துதான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. முதலும் முடிவும் மட்டும் எழுதினால் சமன்பாடு இப்படி வரும்.

ஒரு மெத்தனால் + ஒரு ஆக்சிஜன் → ஒரு ஃபார்மிக் அமிலம் + ஒரு நீர்

எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. 32 கிராம் மெத்தனால் உள்ளே போனால் 46 கிராம் அமிலம். குடித்ததைவிட விஷத்தின் எடை கூடுகிறது, மூச்சில் இழுத்த ஆக்சிஜன் அதில் சேர்வதால்.

சாதாரணமாக உயிரைப் பறிக்கக்கூடியதாக மருத்துவர்கள் சொல்லும் 30 மி.லி. மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 23.7 கிராம். 32-ஆல் வகுத்தால் 0.74 மோல். விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அமிலமும் 0.74 மோல், எடையில் 34 கிராம். இந்த அமிலத்தைச் சமாளிக்க இரத்தத்திலும் திசுக்களைச் சுற்றியுள்ள நீரிலும் பைகார்பனேட் என்ற காரம் இருக்கிறது. அதுவும் அமிலத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்றே சேரும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் அந்த நீர் சுமார் 12 லிட்டர், லிட்டருக்கு 0.024 மோல் பைகார்பனேட். பெருக்கினால் 0.29 மோல். வரப்போகும் அமிலம் 0.74, கைவசம் உள்ளது 0.29. அமிலம் ஒரே மூச்சில் உண்டாவதில்லை, நுரையீரலும் சிறுநீரகமும் எலும்பும்கூட உதவிக்கு வரும். இருந்தாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஒரு சிறு டம்ளரில் பாதிக்கும் குறைவான திரவம் ஓர் ஆளை ஏன் சாய்க்கிறது என்று புரிந்துவிடுகிறது. நோயாளிகள் வேகவேகமாக மூச்சு வாங்குவது, அமிலச் சுமையைக் கார்பன் டைஆக்சைடாக வெளியே தள்ள உடல் படும் பாடு.

அமிலம் இன்னொன்றும் செய்கிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் உள்ள நொதியை அடைத்துவிடுகிறது. ஆற்றல் ஓயாமல் வேண்டியிருக்கும் பார்வை நரம்பு முதலில் தவிக்கிறது. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண் திரும்பாமல் போவது இதனால்.

மெத்தனால் அமிலமாக மாற நேரம் பிடிக்கும், அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ராத்திரி குடித்தவர் காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பும் அளவுக்கு நன்றாகவே இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் துடித்துக் கீழே விழுந்த பிறகும் ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று அவர் மருத்துவமனைக்குப் போக மறுக்கலாம். ஆனால் அவர் உள்ளே போன மெத்தனாலுக்கும் இனி வரப்போகும் அமிலத்துக்கும் உள்ள கணக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. இந்த இடைவெளிதான் மருத்துவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

சிகிச்சையும் அதே விகிதத்தைப் பிடித்தே நகர்கிறது. மெத்தனாலை முதலில் மாற்றுகிற கல்லீரல் நொதிக்கு எத்தனால்மீது பல மடங்கு ஈர்ப்பு அதிகம். எத்தனால் அங்கே இருக்கும் வரை அது மெத்தனாலைப் பெரிதாகத் தொடாது. அதனால் மருத்துவமனையில், இரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து, எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு. வீட்டில் சாராயம் ஊற்றிக் கொடுத்துச் சரிசெய்யும் வேலை அல்ல இது. ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியை இன்னும் பாதுகாப்பாகக் கட்டிப்போடுகிறது. ஏற்கெனவே உண்டாகிவிட்ட அமிலத்துக்கு சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். ஃபோலினிக் அமிலம் கொடுப்பார்கள், ஃபார்மிக் அமிலம் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் சிதைவதை அது விரைவுபடுத்தும். மனித உடலில் அந்தச் சிதைவு இயல்பாக மிக மெதுவாக நடக்கும் ஒன்று.

நொதி கட்டுண்டு கிடக்கும்போது மெத்தனால் மெத்தனாலாகவே இரத்தத்தில் சுற்றுகிறது. அது சிறிய மூலக்கூறு, தண்ணீரில் எளிதாகக் கலப்பது, டயாலிசிஸ் சவ்வின் நுண்துளை வழியாகச் சுலபமாக வெளியேறிவிடும். படுக்கையோரம் டயாலிசிஸ் இயந்திரம் சுழன்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. வெளியேறும் ஒரு மெத்தனாலுக்கு, பிறக்காமல் போகும் ஃபார்மிக் அமிலம் ஒன்று. எடையில் சொன்னால், ஒரு கிராம் மெத்தனால் சவ்வைத் தாண்டி வெளியே போகும்போது, அந்த உடலில் உண்டாகியிருக்க வேண்டிய 1.44 கிராம் அமிலம் உண்டாகாமல் நின்றுவிடுகிறது.